உடன் வந்தவர் நாற்காலி

இதெல்லாம் நான் சொல்லப்போகிற வரிசையில்தான் நடந்ததா என்று கேட்டால், உறுதியாகச் சொல்ல மாட்டேன். பூட்டுக்காரர் என்னிடம் இதை மூன்று தடவை சொல்லியிருக்கிறார். முதல் தடவை அந்த அறையில் ஒன்பது பேர் இருந்தார்கள். இரண்டாம் தடவை பதினொரு பேர். மூன்றாம் தடவை சொன்னபோது அறையில் பல் டாக்டரைத் தவிர வேறு யாருமே இல்லை. மனசை எது உறுத்துகிறதோ அது வளர்ந்துகொண்டே போகும், மற்றதெல்லாம் தேய்ந்துவிடும் போலிருக்கிறது. நான் ஒன்பது பேர் என்றே வைத்துக்கொள்கிறேன்.

பூட்டுக்காரரின் மனைவி தையல் வேலை செய்பவள். ஊரின் பெரிய ஆஸ்பத்திரியில் கிழிகிற கோட்டுகள், விரிப்புகள், திரைச்சீலைகள் எல்லாம் பத்தொன்பது வருஷமாக அவள் மிஷினுக்குத்தான் வரும். அந்த வருஷம் ஆஸ்பத்திரியிலிருந்து ஒரு கடிதம் வந்தது. இனி அந்த வேலைக்கு இணையதளத்தில்தான் விண்ணப்பிக்க வேண்டும். மாதக் கடைசிச் சனிக்கிழமை பகல் பன்னிரண்டு மணியோடு தளம் மூடப்படும். வேலை கிடைத்தால் மாதாமாதம் தைத்த எண்ணிக்கையையும் கணினி வழியாகவே அனுப்ப வேண்டும். போனில் திறந்து பார்த்தால் பாதிப் பக்கம்தான் தெரிந்தது. வெளியூரில் இருக்கும் மகள் போனில் சொல்லிக்கொடுக்கப் பார்த்தாள். இருபது நிமிஷத்தில் அம்மாவும் மகளும் அழுதுவிட்டார்கள்.

"யார்கிட்டயாவது குடுத்து நிரப்பிக்கலாமே," என்றார் பூட்டுக்காரர்.

"இந்த ஒரு தடவ நிரப்பிக்கலாம். அப்பறம் மாசாமாசம் யார் வாசல்ல போய் நிக்கிறது?" என்றாள் அவள். "நானே கத்துக்கறேன்."

பூட்டுக்காரரின் கடைக்கு எதிரே நூலகம். அதன் மாடியறையில் ஒரு பலகை தொங்கும்: 'தொடக்கநிலைக் கணினிப் பயனர் ஆதரவுப் பேரவை. சனிக்கிழமை காலை பத்து முதல் பன்னிரண்டு வரை. ஒன்றும் தெரியாதவர்கள் வரவேற்கப்படுகிறார்கள்.' கையில் ஐந்து சனிக்கிழமைகள் இருந்தன. அவர் கடைக்கதவைப் பாதி இறக்கிவிட்டு அவளோடு துணைக்குப் போனார்.

கதவைத் திறந்ததும் ஒன்பது பேரும் ஒரே சமயத்தில் எழுந்து நின்றார்கள். அறையில் ஒரே ஒரு கணினிதான் இருந்தது. அதைச் சுற்றி ஒன்பது நாற்காலிகள். தொடக்கநிலையாளர் என்று ஒருவர்கூட இல்லை.

காரணம் அவருக்குப் பிற்பாடுதான் தெரிந்தது. பேரவையின் பதிவேட்டில் ஒரு தொடக்கநிலையாளராவது இருக்க வேண்டும் என்ற நிபந்தனையில்தான் நூலகம் அந்த அறையைக் கொடுத்திருந்தது. தொடர்ந்து மூன்று வாரம் பதிவேடு காலியாக இருந்தால் அறை பக்கத்துச் சதுரங்கக் கழகத்துக்குப் போய்விடும். இரண்டு வாரம் கழிந்திருந்தது. சதுரங்கக்காரர்கள் அவ்வப்போது கதவிடுக்கில் எட்டிப்பார்த்து, ஜன்னல்களை எண்ணிவிட்டுப் போனார்கள்.

தலைவர் வானிலை நிலையத்தில் இருந்து ஓய்வு பெற்றவர். அவர் அவளை மேலும் கீழும் பார்த்தார்.

"அம்மா, உங்களுக்கு ஒண்ணுமே தெரியாதுன்னு உறுதியாச் சொல்ல முடியுமா? ஓரளவுக்குத் தெரியும்னு சொல்லிட்டு வர்றவங்களால எங்களுக்கு ரொம்ப மனக்கஷ்டம்."

"போன் பேசத் தெரியும் சார்."

"போன் பரவாயில்ல. போன நாங்க கணக்குல எடுக்கறதில்ல."

செயலாளர் மருந்துக்கடை வைத்திருந்தவர். எதையும் சின்னச் சின்னக் காகிதத்தில் எழுதி மடித்துக் கொடுப்பது அவர் பழக்கம். உறுதிமொழி எழுதிய காகிதம் ஒன்றைப் பிரித்துக் கொடுத்தார். அவள் எழுந்து நின்று வாசித்தாள்: "எனக்கு ஒன்றும் தெரியாது. தெரிந்ததுபோல் நடந்துகொள்ள மாட்டேன். எதுவும் தெரிந்துவிட்டால் எழுத்துமூலம் உடனே தெரிவிப்பேன்."

ஒன்பது பேரும் கைதட்டினார்கள். பூட்டுக்காரர் 'உடன் வந்தவர்' என்று எழுதி ஒட்டியிருந்த நாற்காலியில், சுவரோரமாக உட்கார்ந்திருந்தார். அவருக்குள் என்னவோ சுருக்கென்றது. கல்யாணமாகி முப்பது வருஷம். 'எனக்குத் தெரியாது' என்று அவள் ஒருநாளும் அவரிடம் சொன்னதில்லை. இந்த ஒன்பது பேரிடம், அதுவும் எழுந்து நின்று சொல்கிறாள்.

தலைவர் வரவேற்புரை ஆற்றினார். "இந்தப் பேரவை பதினாலு வருஷமா நடக்குது. இதுவரைக்கும் ஒருத்தர்கூட எங்ககிட்ட வந்து குறை சொன்னதில்ல. ஏன்னா, கத்துக்கிட்டுப் போனவங்க யாரும் இந்தப் பக்கம் திரும்பி வந்ததில்ல."

அன்றைய கூட்டம் அத்தோடு முடிந்தது.

இரண்டாம் சனிக்கிழமை, அவளுக்குத் தெரியாதவற்றின் பட்டியல் தயாராகியிருந்தது. மொத்தம் இருபது. ஒவ்வொன்றையும் கற்றவுடன் அடித்துவிடுவார்கள். இருபதும் அடிபட்டால் அவள் தேர்ச்சி பெற்றவள், பதிவேட்டில் பெயர் நீங்கும். எதை யார் சொல்லிக்கொடுப்பது என்பதற்குக் குலுக்கல் போட்டார்கள். தலைவருக்கு 'இயக்குதலும் நிறுத்துதலும்' விழுந்தது. செயலாளருக்குக் 'கோப்புகள்'. பல் டாக்டருக்கு 'மவுஸ்', அதோடு 'இணையம்'. இரண்டு நல்ல சீட்டு ஒருவருக்கே விழுந்ததில் மற்ற எட்டுப் பேரின் முகமும் கறுத்தது. 'திரையைத் துடைத்தல்' விழுந்த ஒருவர் ஜன்னல் பக்கம் போய் நின்றுகொண்டு கூட்டம் முடியும்வரை திரும்பவே இல்லை.

ஒருவருக்குப் பன்னிரண்டு நிமிஷம். மேசை மேல் ஒரு மணி. தன் முறை இல்லாதவர் வாய் திறக்கக் கூடாது. தலைவர் தன் பன்னிரண்டு நிமிஷத்தில் கணினியை ஐந்து தடவை இயக்கி, ஐந்து தடவை நிறுத்தினார். அவள் கை நீட்டினாள்.

"அவசரப்படாதீங்கம்மா. என் பாடத்துல முதல் மூணு வாரம் கவனிக்கிறது மட்டும்தான்."

"சார், எனக்கு ஆஸ்பத்திரி பாரம் நிரப்பணும். கடைசித் தேதி இருக்கு."

"தேதி எல்லாருக்கும்தான் இருக்கு," என்றார் தலைவர். வானிலை நிலையத்திலிருந்து வந்தவர் அல்லவா, அதை ஒரு முன்னறிவிப்பு போலவே சொன்னார்.

பல் டாக்டரின் முறை வந்தது. அவர் நாற்காலியைப் பக்கத்தில் இழுத்துப் போட்டுக்கொண்டு, மேசை விளக்கைத் திருப்பி அவள் கை மேல் வெளிச்சம் விழும்படி வைத்தார்.

"பயப்படாத தங்கச்சி. லேசா அழுத்து. முதல்ல கொஞ்சம் ஒருமாதிரி இருக்கும், அப்பறம் பழகிடும்."

யாருக்கு யார் தங்கச்சி என்று பூட்டுக்காரர் தன் நாற்காலியை ஒரு சாண் முன்னால் நகர்த்தினார். அந்த ஆள் அவளைத் தொட்டாரா என்றால், இல்லை. விரலால் சுட்டிக் காட்டினார், அவ்வளவுதான். உறுத்தல் வேறு இடத்தில் இருந்தது. அவள் தலையை ஒரு பக்கமாகச் சாய்த்துக் கேட்டாள். "அப்படின்னா இது நகர்ந்தா அதுவும் நகருமா?" என்று கேட்டாள். "ஏன் அப்படி?" என்று கேட்டாள். பூட்டுக்காரர் எண்ணிப் பார்த்தார்: பன்னிரண்டு நிமிஷத்தில் பதினான்கு கேள்வி. தன்னிடம் அவள் கடைசியாக எப்போது ஒரு கேள்வி கேட்டாள் என்று யோசித்தார். 'குடை எங்கே' என்பதைக் கணக்கில் சேர்க்கலாமா என்று தெரியவில்லை. அதற்கும் பதில் அவளிடமே இருந்தது.

வீட்டில் அவள் மிஷின் மிதித்தபடியே சொன்னாள்: "அந்தப் பல் டாக்டருக்கு எவ்வளவு பொறுமை தெரியுமா? ஒரே விஷயத்தப் பதினாறு தடவ சொல்றாரு."

"ஒரு தடவையில புரியற மாதிரி சொல்லத் தெரியல, அதான்."

"நீங்க எனக்கு ஸ்கூட்டர் ஓட்டச் சொல்லிக்குடுத்தீங்களே, எத்தனை தடவ சொன்னீங்க?"

"ஒரு தடவ."

"அப்பறம்?"

அவர் அரத்தைக் கையில் எடுத்தார்.

"அப்பறம் 'எறங்கு'ன்னு சொன்னீங்க," என்றாள் அவள். நூலைப் பல்லால் கடித்து அறுத்தாள். அதன் பிறகு அன்று வெகுநேரம் அவர் உட்கார்ந்து ஒரு சாவியை அரத்தால் தேய்த்துக்கொண்டேயிருந்தார். தேய்த்து முடித்தபோது அது எந்தப் பூட்டுக்கும் சேராத சாவியாகியிருந்தது.

மூன்றாம் சனிக்கிழமை பட்டியல் இருபதிலிருந்து நாற்பத்தொன்றாக வளர்ந்திருந்தது. 'திரையைத் துடைத்தல்'காரருக்குச் சமாதானமாக 'வயர்களின் நிறங்கள்' சேர்க்கப்பட்டது. அது நியாயமென்றால் எங்களுக்கும் வேண்டும் என்று ஆளுக்கொன்று கேட்டார்கள். அவளுக்குத் தெரியாதது தன் வசம் ஒன்று கூடுதலாக இருக்க வேண்டும் என்பதில் அங்கே ஒவ்வொருவருக்கும் அத்தனை ஆசை. அடுத்தவர் பாடம் நடத்தும்போது கடிகாரத்தைப் பார்ப்பார்கள். தங்கள் பாடத்தின்போது கடிகாரத்தை மறைத்து நிற்பார்கள். அவள் ஒருவருக்கு நன்றி சொன்னால் எட்டுப் பேர் குறித்துக்கொண்டார்கள். செயலாளர் அதற்கென்றே ஒரு காகிதம் வைத்திருந்தார்.

நான்காம் சனிக்கிழமை தகராறு வெளிப்படையாகவே வெடித்தது. விண்ணப்பத்தின் கட்டங்களை ஒருவழியாக நிரப்பியாயிற்று. அதோடு அவளுடைய பத்தொன்பது வருஷ வேலைக்கான சான்றிதழை இணைக்க வேண்டும். சான்றிதழின் படத்தை மகள் அனுப்பிவைத்து அது கணினியில் வந்திருந்தது. இணைப்பது யார் என்பதில்தான் சிக்கல்.

"இணைக்கிறது கோப்பு. கோப்பு என்னோடது," என்றார் செயலாளர்.

"இணைக்கிறது எங்க? இணையத்துல. இணையம் என்னுது," என்றார் பல் டாக்டர்.

"மேடமே சொல்லட்டும். கோப்ப யார் நல்லா நடத்தினது?"

"தங்கச்சிய எதுக்கு இதுல இழுக்கறீங்க? உங்களுக்கு ரெண்டு நல்ல சீட்டு விழலன்னு ஆத்திரம்!"

"ஒரு பல்லப் புடுங்கறதுக்கே மூணு தடவ வரச் சொல்ற ஆளு நீங்க!"

தலைவர் மணியை அடித்தார். இருவரும் நிறுத்தவில்லை. ஒன்பது பேரும் இரண்டு கட்சியாகப் பிரிந்து சுவர்ப் பக்கம் போய் வாக்கெடுப்பு நடத்தினார்கள். கணினி முன்னால் அவள் மட்டும் இருந்தாள். திரையில் எழுதியிருந்ததை மெல்ல வாசித்தாள். எழுதியிருந்தபடி செய்தாள். சான்றிதழ் இணைந்துவிட்டது.

"இணைஞ்சிருச்சு சார்," என்றாள்.

வாக்கெடுப்பு பாதியில் நின்றது. ஒன்பது பேரும் அவளைப் பார்க்கவில்லை, ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"யார் சொல்லிக்குடுத்தது?" என்று கேட்டார் தலைவர்.

"யாரும் இல்ல சார். அதுலயே எழுதியிருந்துச்சு."

"அம்மா, நீங்க யாரையும் காப்பாத்த வேண்டாம்."

செயலாளர் விதியை வாசிக்க, தலைவர் கணினியை நிறுத்தினார். 'அனுப்பு' என்ற பட்டனை அழுத்துவதுதான் பாக்கி. அதற்குள் திரை கறுத்துவிட்டது. அங்கேயே அவசரப் பேரவை கூடியது. தலைவர் பேசினார்:

"ஒருத்தருக்கு ஒண்ணு தெரிஞ்சுபோச்சுன்னா, அத மறுபடியும் தெரியாமப் பண்றது எவ்வளவு கஷ்டம்னு உங்களுக்குத் தெரியுமா? பதினாலு வருஷமா இந்த அறையக் கட்டிக் காப்பாத்தறோம். எதனால? இவங்கள மாதிரி தெரியாதவங்களால. அவங்களுக்குத் தெரிய வெச்சு நம்ம சோத்துல நாமளே மண்ணள்ளிப் போட்டுக்கலாமா? நமக்கு யார் மேலயும் பொறாமை கிடையாது. ஆனா இங்க யாரோ ஒருத்தர் நமக்குத் தெரியாம நல்லது பண்ணியிருக்காரு. அத என்னால மன்னிக்க முடியல."

மேற்கொண்டு யாரும் திருட்டுத்தனமாகச் சொல்லிக்கொடுக்காதபடி கணினியை இரும்பு அலமாரியில் வைத்துப் பூட்டுவது என்று தீர்மானமாயிற்று. சாவி தலைவரிடம். 'இணைத்தல்' அவள் பட்டியலிலிருந்து அடிக்கப்பட்டு, வேறு ஏழு சேர்க்கப்பட்டன.

கடைசிச் சனிக்கிழமை. பத்து மணிக்கு அவள் கணினி இருந்த இடத்தில் வெறும் மேசைக்கு முன்னால் உட்கார்ந்திருந்தாள். தலைவர் சட்டைப்பை, பேண்ட் பை, கைப்பை என்று எல்லாவற்றையும் இரண்டு தடவை துழாவினார். சாவி இல்லை.

"இதுக்கு ஒரு துணைக்குழு போட்டுத்தான் ஆகணும்," என்றார்.

பத்தரை. துணைக்குழுவுக்கு யார் தலைவர் என்று பேசினார்கள். பத்தேமுக்கால். அவள் கைக்கடிகாரத்தைப் பார்த்தாள். பத்தொன்பது வருஷம் ஆஸ்பத்திரிப் படுக்கை விரிப்புகளின் ஓரத்தை மடித்துத் தைத்த விரல்கள் மேசை விளிம்பை மடிக்கப் பார்த்தன. பூட்டுக்காரருக்குப் பொறுக்கவில்லை. எழுந்து போனார். சட்டைப்பையில் எப்போதும் இருக்கும் வளைந்த கம்பியை எடுத்தார். நான்கு மூச்சு விடுகிற நேரம்தான். அலமாரி திறந்துகொண்டது.

இந்தத் தடவை அவள் திரும்பிப் பார்ப்பாள் என்று நினைத்தார். செயலாளர் குறிப்பேட்டில் 'அலமாரி திறந்தது' என்று எழுதினார். பல் டாக்டர் கணினியைத் தூக்கி வந்து மேசையில் வைத்து வயரைச் செருகினார்.

"நல்ல வேளை, நீங்க வந்தீங்கண்ணா," என்றாள் அவள் பல் டாக்டரிடம்.

பூட்டுக்காரர் திரும்பி வந்து தன் நாற்காலியில் உட்கார்ந்தார். அவர் பூட்டைத் திறப்பது அவளுக்கு முப்பது வருஷமாகத் தெரியும். தெரிந்த விஷயத்துக்கு யார் தலையைச் சாய்ப்பார்கள்? கம்பி உள்ளங்கையில் சூடாக இருந்தது. அந்த நிமிஷம் அவருக்கு யார் மேல் பொறாமை என்பதுகூடக் குழம்பிப்போய்விட்டது. பல் டாக்டர் மேலா, தெரிந்துகொள்ளப்போகிற அவள் மேலா, அல்லது அவளுக்குத் தெரியாமலே இருக்கிற அந்த 'அனுப்பு' பட்டன் மேலா?

பதினொன்றரை. விண்ணப்பம் மறுபடி நிரம்பித் திரையில் நின்றது. சான்றிதழை அவளே மறுபடி இணைத்தாள்; அது பட்டியலில் இல்லாததால் ஒருவரும் தடுக்கவில்லை. பாக்கி 'அனுப்பு' மட்டும்தான். அவள் விரலை நீட்டினாள். ஒன்பது கைகள் குறுக்கே வந்தன.

"பட்டன் அழுத்தறது மவுஸ்!"

"அனுப்பினா வேலை முடியுது. முடிக்கிறது, நிறுத்துதல்ல வரும். அது என்னோடது," என்றார் தலைவர்.

"அனுப்பறது கோப்ப!"

"பட்டன் நீல நிறம். நிறங்கள் எனக்குக் குடுத்தீங்க!" என்று குரலை உயர்த்தினார் திரை துடைப்பவர், ஐந்து வாரத்தில் முதல் தடவையாக.

பதினொன்று ஐம்பது. அவள் நிமிர்ந்து ஒவ்வொரு முகமாகப் பார்த்தாள். கண் கலங்கியிருந்தது. 'உடன் வந்தவர்' நாற்காலி கிரீச்சிட்டது.

"எனக்குக் கம்ப்யூட்டர்னா என்னன்னே தெரியாது," என்றார் பூட்டுக்காரர்.

ஒன்பது தலைகள் திரும்பின.

"என்ன சொன்னீங்க?" என்றார் தலைவர்.

"எதுல எத அழுத்தறதுன்னு தெரியாது. எழுதியிருக்கறதப் படிச்சாலும் புரியாது."

"போன்?" என்றார் செயலாளர், மூச்சைப் பிடித்துக்கொண்டு.

"போனும் தெரியாது."

அந்த நேரம் பார்த்து அவர் சட்டைப்பையில் போன் அடித்தது. விடாமல் அடித்தது. அவர் அசையாமல் நின்று, "என்னமோ சத்தம் கேக்குதே?" என்றார்.

ஒன்பது பேரும் அவரை நோக்கி ஓடினார்கள். ஒருவர் மணியைத் தூக்கிக்கொண்டு வந்தார். செயலாளர் உறுதிமொழிக் காகிதத்தைப் பிரித்தார். பல் டாக்டர் கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னால் வந்து, ஒரு பழைய மவுஸைப் பையிலிருந்து எடுத்து, அவர் கையைப் பிடித்து அதன் மேல் வைத்து நகர்த்திக் காட்டினார். "பயப்படாத தம்பி!" என்றார். தோள்களுக்கு இடையே ஒரு சின்ன இடைவெளி தெரிந்தது. அதன் வழியாகப் பூட்டுக்காரர் பார்த்தார். கணினி முன்னால் யாரும் இல்லை, அவளைத் தவிர. அவள் விரல் ஒரு தடவை இறங்கி எழுந்தது.

பன்னிரண்டு மணிக்குப் படியிறங்கினார்கள்.

"போயிடுச்சா?"

"போயிடுச்சு. நம்பரும் வந்துச்சு." காகிதத்தில் எழுதி வைத்திருந்தாள். முகத்தில் சந்தோஷம் இருந்தது, ஆனால் முழுசாக இல்லை. பாதிப் படியில் நின்றாள்.

"அவர் உங்க கையப் புடிச்சா காட்டினாரு?"

"ஆமா."

"எனக்கு அஞ்சு வாரத்துல ஒரு தடவகூட அப்படிக் காட்டல. விரலால சுட்டிக் காட்டினதோட சரி." மறுபடி இரண்டு படி இறங்கி மறுபடி நின்றாள். தலையை ஒரு பக்கமாகச் சாய்த்தாள். "மவுஸ்ல இடதுபக்கப் பட்டன் மட்டும்தான் எனக்குச் சொன்னாரு. வலதுபக்கம் இருக்கே, அது எதுக்காம்? உங்களுக்குச் சொன்னாரா?"

பூட்டுக்காரர் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டார். அவருக்குத் தெரியாது. ஆனால் அந்தக் கேள்வியை உடனே முடித்துவிட மனம் வரவில்லை.

"அடுத்த வாரம் சொல்றாராம்," என்றார்.

ஆஸ்பத்திரி வேலை அவளுக்கே கிடைத்தது. பழைய மடிக்கணினி ஒன்று வாங்கி மாதாமாதம் எண்ணிக்கையை வீட்டிலிருந்தே அனுப்புகிறாள். பேரவைப் பதிவேட்டில் அவள் பெயர் நீக்கப்பட்டது. காரணம், 'போதிய ஆர்வமின்மை'. தலைவர் இன்னும் தலைவர்தான். அலமாரிச் சாவி அவருடைய குடைக்குள் கிடைத்தது. செயலாளர் பேரவையின் வரலாற்றை எழுதி நூலகத்துக்குக் கொடுத்தார். அதை யாரும் இரவல் வாங்கவில்லை. திரை துடைப்பவர் சதுரங்கக் கழகத்தில் சேர்ந்துவிட்டார். பல் டாக்டர் தன் கிளினிக்கை மூடிவிட்டு முழுநேரமும் பேரவைக்கே வருகிறார். பூட்டுக்காரர் மூன்று வருஷமாகத் தொடக்கநிலையாளர். அவர் பட்டியலில் இப்போது நூற்றுப் பதினாலு இருக்கின்றன. வலதுபக்கப் பட்டன் இன்னும் வரவில்லை. சனிக்கிழமைதோறும் அவர் மனைவி தைக்க வேண்டிய துணியை எடுத்துக்கொண்டு கூடவே வந்து 'உடன் வந்தவர்' நாற்காலியில் உட்காருகிறாள். கேட்டால் துணைக்கு என்கிறாள். ஆனால் அந்த இரண்டு மணி நேரமும் தலையை ஒரு பக்கமாகச் சாய்த்தபடியே இருக்கிறாள், ஒரு தையல்கூடப் போடுவதில்லை.